ஒன்பதாவது குண்டும் தற்காப்பா?

பெருங்குளத்தான், டாலஸ்

நேற்று பார்க்கிங் திருட்டு பற்றிய இழையில் கேட்டி குமரன் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "2023-ல் ஹூஸ்டன் டாக்கோ கடையில் அந்த ஆள் செய்தது நூற்றுக்கு நூறு தற்காப்பு. கிராண்ட் ஜூரியே சொல்லிவிட்டது. கடைக்கு ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தால் ஊரில் கொள்ளையே இருக்காது." அதற்குப் பத்தொன்பது பேர் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் தனி இழை.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2023 ஜனவரி 5, இரவு பதினொன்றரை வாக்கில், தென்மேற்கு ஹூஸ்டனில் ஒரு டாக்கேரியா, அதாவது மெக்சிகன் சாப்பாட்டுக் கடை. முகமூடி போட்டவன் ஒருவன் உள்ளே வந்து துப்பாக்கியை நீட்டிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்ப் பணம் பிடுங்குகிறான். ஒரு வாடிக்கையாளர், அவன் தன்னைத் தாண்டி வாசல் பக்கம் நகர்ந்ததும் சுடுகிறார். விழுந்த பிறகும் சுடுகிறார். கடைசியாகக் கிட்டே போய், தரையில் கிடந்தவன் மேல் இன்னொன்று. மொத்தம் ஒன்பது. செத்தவன் வைத்திருந்தது பிளாஸ்டிக் துப்பாக்கி. சுட்டவர் பணத்தை எடுத்து அவரவரிடம் கொடுத்துவிட்டு, போலீஸ் வருவதற்குள் பிக்கப் வண்டியில் போய்விட்டார். பிறகு வக்கீல் மூலமாகப் போலீசிடம் பேசினார். அந்த வருடம் ஜூனில் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குப் போடலாமா என்று முடிவு செய்கிற பொதுமக்கள் குழு, அவர் மேல் வழக்கு வேண்டாம் என்றது.

முதல் எட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஒன்பதாவது எதற்கு? குமரன் சார் அதை மட்டும் சொல்லட்டும்.

கேட்டி குமரன்

வந்துவிட்டேன். என் பெயரைப் போட்டுத் தனி இழை ஆரம்பிக்கும் அளவுக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன், நன்றி.

பதில் சுலபம். அந்த மேஜையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களா? இல்லை. வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒன்று இரண்டு என்று எண்ணியிருக்கிறீர்கள். அந்த ஆளிடம் நிறுத்துகிற பட்டன் இல்லை. துப்பாக்கி பிளாஸ்டிக் என்று அங்கே யாருக்காவது தெரியுமா? செத்தவன் 2015-ல் ஆயுதக் கொள்ளை வழக்கில் தண்டனை வாங்கி, பரோலில் வெளியே வந்தவன். அதை ஏன் எழுதவில்லை? வசதியாக மறந்துபோச்சா?

பெருங்குளத்தான், டாலஸ்

பரோல் என்பது அவன் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்ததா? பிளாஸ்டிக் என்று சுட்டவருக்குத் தெரியாது, சரி. பரோல் மட்டும் எப்படித் தெரியும்? உங்களுக்கு வேண்டியது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது!

கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. ஒன்பதாவது.

புதுசு_23

வணக்கம். நான் இந்தப் பக்கத்துக்குப் புதுசு. ஒரு சின்ன சந்தேகம். ஆபத்து எப்போது முடிந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அவன் திரும்பி நடந்தபோதா, விழுந்தபோதா, கையில் இருந்தது போனபோதா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் பேச வசதியாக இருக்குமே.

கேட்டி குமரன்

பெருங்குளத்தாருக்கு ஒரு கதை சொல்கிறேன். இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறவன். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, லாட்டரிச் சீட்டு ரோலை மாற்றிக்கொண்டிருக்கிறேன். கதவு மணி கிணுங்கியது. ஹூடி போட்டவன், ஒரு கை சட்டைப் பைக்குள். "ரிஜிஸ்டர்" என்று ஒரே ஒரு வார்த்தை. டிராயரைத் திறந்தேன், தட்டோடு எடுத்து நீட்டினேன். என் கை ஆடிய ஆட்டத்தில் சில்லறையெல்லாம் கவுன்டரில் கொட்டியது. ஒரு காசு உருண்டுகொண்டே போய் காபி மெஷினுக்கு அடியில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் கேட்கிறது. அவன் போன பிறகு ரொம்ப நேரம் என்னால் கதவைப் பூட்ட முடியவில்லை, சாவி துவாரத்துக்குள் போகவில்லை. போலீஸ் வந்து ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டார்கள். ஆறடிக்குக் குறையாது என்றேன். கேமராவைப் பார்த்தால் என்னைவிடக் குள்ளம்.

இதுதான் பயம். பயத்தில் இருக்கிறவனுக்குக் கணக்கு வராது. ஒன்பதாவது, பத்தாவது என்று எண்ணுகிற மூளை அந்த நேரத்தில் வேலை செய்யாது. இப்போது கவுன்டருக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதன் பிறகுதான் தூக்கம் வருகிறது.

பெருங்குளத்தான், டாலஸ்

கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்களே! உங்களைவிடக் குள்ளமானவனை ஆறடி என்கிற கண், அந்த நேரத்தில் யார் மேல் குறிவைக்கும்? பின்னால் பால் வாங்க வந்த கிழவி மேல் பட்டிருந்தால்? இப்படிப்பட்ட கண்களை வைத்துக்கொண்டுதான் கடைக்கு ஒருவர் உட்கார வேண்டுமா?

சோழவந்தான்

ஆறடி குமரன் வாழ்க.

கேட்டி குமரன்

சோழவந்தான் தம்பி, மதுரையில் ஏசி போட்டுப் படுத்துக்கொண்டு டெக்சாஸ் சட்டம் பேசாதே.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 9.32, கொள்ளையைத் தடுக்க உயிர்போகும் அளவு பலம் காட்டலாம் என்கிறது. 9.33, அடுத்தவருக்காகவும் காட்டலாம். 9.42, பணத்தோடு ஓடுகிறவனையும் தடுக்கலாம். 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். கிராண்ட் ஜூரி பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கதை முடிந்தது. இதுதான் இந்த இழையில் என் கடைசிப் பதிவு.

சுமதி ஆஸ்டின்

கதை முடியவில்லை குமரன் சார். டெக்சாஸில் கிராண்ட் ஜூரி பன்னிரண்டு பேர்தான். வழக்குப் போட ஒன்பது பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். எட்டுப் பேர் "போடு" என்று சொல்லியிருந்தாலும் முடிவு "நோ பில்"தான். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியாது, உள்ளே நடந்தது ரகசியம். நோ பில் என்றால் வழக்குப் போடவில்லை என்று அர்த்தம். "நூற்றுக்கு நூறு தற்காப்பு" என்று யாரும் முத்திரை குத்திக் கொடுக்கவில்லை.

நீங்கள் எண்ணைப் போட்ட பிரிவுகளை முழுக்கப் படியுங்கள். எல்லாவற்றிலும் "உடனடியாகத் தேவை என்று நியாயமாக நம்பினால்" என்று ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரையில் அசையாமல் கிடப்பவன் எதைக் கொள்ளையடிக்கப் போகிறான்?

சோழவந்தான்

ஒன்பது பேர் ஓட்டு, ஒன்பது குண்டு. பெருமாள்தான் கணக்குப் போட்டிருக்கிறார்.

கேட்டி குமரன்

"அசையாமல்" என்று யார் சொன்னது? சுமதி மேடம் நாடி பிடித்துப் பார்த்தார்களா? விழுந்தவன் எழுந்து சுட்ட கதை ஆயிரம் இருக்கிறது.

ஸ்கார்பரோ சிவா

ஆயிரத்தில் ஒன்றைச் சொல்லுங்கோவன்.

கேட்டி குமரன்

தேடித் தருகிறேன். அதற்கு முன்னால் சுமதி மேடத்துக்கு ஒரு பாடம். 1921, அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிரவுன் வழக்கு. அதுவும் டெக்சாஸில் நடந்த கொலைதான். கத்தியோடு வந்தவனைச் சுட்டார்கள், கடைசிக் குண்டு அவன் விழுந்த பிறகு பட்டது என்று ஒரு பேச்சு. நீதிபதி ஹோம்ஸ் என்ன எழுதினார் தெரியுமா? ஓங்கிய கத்திக்கு முன்னால் நிற்கிறவனிடம் நிதானமான யோசனையை எதிர்பார்க்க முடியாது என்றார். கடைசிக் குண்டு வேண்டாததுபோலத் தெரிந்தாலும் அதனால் மட்டும் அவன் குற்றவாளி ஆகிவிட மாட்டான் என்றார். நூறு வருடத்துக்கு முன்னாலேயே உங்கள் ஒன்பதாவது குண்டுக்குப் பதில் எழுதிவைத்துவிட்டார் மனுஷன்.

சுமதி ஆஸ்டின்

அரைவாசிப் பாடம்தான் நடத்தியிருக்கிறீர்கள், சார். ஹோம்ஸ் இரண்டு நிபந்தனை வைத்தார். அந்தக் கடைசிக் குண்டு மற்றவற்றை ஒட்டியே, சண்டையின் சூடு ஆறுவதற்குள் வந்திருக்க வேண்டும். சுட்டவன் தன் உயிருக்காகப் போராடுவதாக நம்பியிருக்க வேண்டும். வீடியோவில் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே அவர் நிற்கிறார், நடக்கிறார். அது ஒட்டியா வந்தது?

கேட்டி குமரன்

ஒட்டித்தான் வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்.

பெருங்குளத்தான், டாலஸ்

இரண்டு மூச்சு.

கேட்டி குமரன்

ஒரு மூச்சு. மறுபடி பாருங்கள்.

பெருங்குளத்தான், டாலஸ்

மறுபடியும் பார்த்தேன். அவர் குனிகிற நேரத்தையும் சேர்த்தால் மூன்று மூச்சு.

கேட்டி குமரன்

உங்களுக்கு ஆஸ்துமா என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

ஸ்கார்பரோ சிவா

ஒரு விஷயம். எல்லாரும் "குண்டு, குண்டு" என்று எழுதுகிறீர்கள். எங்கட பக்கத்தில் குண்டு என்றால் விமானத்தில் இருந்து போடுவது. துவக்கில் இருந்து வருவது சன்னம். தலைப்பை வாசித்துவிட்டு ஒன்பது குண்டு போட்டார்களோ என்று ஒரு கணம் திகைத்துப்போனேன்.

சோழவந்தான்

எங்கள் ஊரில் தோட்டா. சன்னம் என்றால் சன்னமான அரிசி.

ஸ்கார்பரோ சிவா

தோட்டா வெறும் கோதுதானே? ஆளில் படுவது சன்னம். நாங்கள் ரவை என்றும் சொல்லுவோம்.

சோழவந்தான்

ஒன்பதாவது ரவை! உப்புமா கிண்டியதற்காகக் கிராண்ட் ஜூரி முன்னால் நிறுத்தினார்களா?

கேட்டி குமரன்

குண்டு என்பதுதான் சரியான தமிழ். ‘துப்பாக்கிக் குண்டு’ என்று எந்தப் பேப்பரிலும் போடுகிறார்கள். சிவா, தமிழ்நாட்டு இழையில் வந்து தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஸ்கார்பரோ சிவா

தமிழ்நாட்டு இழையோ? ஹூஸ்டன் கடை, டாலஸ்காரர் ஆரம்பித்தது, கேட்டிக்காரர் கத்துவது. இதில் தமிழ்நாடு எங்கே இருக்கு? இன்னொன்றும் சொல்லுகிறேன், குமரன். துவக்குச் சத்தத்துக்குள் வளர்ந்தவன் நான். கையில் ஆயுதம் இருப்பவன் ஆரென்று தெரியாத நேரம்தான் மனுசருக்கு மிகப் பெரிய ஆபத்து. உங்களுக்கு அது வீடியோ.

பெருங்குளத்தான், டாலஸ்

சிவா சொன்னதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2021 ஜூன் 21, கொலராடோவில் அர்வாடா. ஒருவன் போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொல்கிறான். பக்கத்துக் கடையில் இருந்த ஒருவர் தன் கைத்துப்பாக்கியோடு ஓடிவந்து அவனை வீழ்த்துகிறார். குமரன் சார் கேட்கிற அதே ‘நல்ல ஆள்’. விழுந்தவனின் ரைஃபிளை அவர் கையில் எடுக்கிறார். அந்த நேரம் வந்த இன்னொரு போலீஸ்காரர், இவர்தான் கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். அந்த நல்ல ஆள் செத்துப்போனார். பாராட்டு இறுதிச் சடங்கில்தான் கிடைத்தது.

கேட்டி குமரன்

அது போலீஸ்காரன் தப்பு. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 2022 ஜூலை, இண்டியானா கிரீன்வுட் ஷாப்பிங் மாலில் நடந்ததை ஏன் சொல்லவில்லை? மூன்று பேரைக் கொன்றவனை இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் பதினைந்து வினாடியில் வீழ்த்தினான். பத்துக் குண்டு சுட்டான், எட்டு பட்டது. அங்கே போய் எட்டாவது எதற்கு என்று கேளுங்கள் பார்ப்போம்.

சுமதி ஆஸ்டின்

அங்கே எதிரே இருந்தவன் ரைஃபிளோடு ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தான். அந்தப் பையன் சுட்டதைப் பற்றி இங்கே யாருக்கும் கேள்வி இல்லை. போலீஸ் முதலில் இரண்டு நிமிடம் என்று சொல்லி, கேமராவைப் பார்த்துப் பதினைந்து வினாடி என்று திருத்தியது. மூச்சுக் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் கவனித்துக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பொருத்தமான வழக்கு வேண்டுமென்றால் ஓக்லஹோமா சிட்டி, 2009 மே. மருந்துக் கடைக்குள் இரண்டு பையன்கள் கொள்ளையடிக்க வந்தார்கள். கடைக்காரர் ஒருவனைத் தலையில் சுட்டு வீழ்த்தினார். பதினாறு வயசு. இன்னொருவனைத் துரத்திக்கொண்டு வெளியே ஓடினார். திரும்பி வந்து, டிராயரில் இருந்து வேறு துப்பாக்கியை எடுத்து, தரையில் கிடந்தவனை இன்னும் ஐந்து தடவை சுட்டார். முதல் குண்டுக்கு யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பிந்தைய ஐந்துக்குத்தான் 2011-ல் கொலைக் குற்றம் நிரூபணமாகி ஆயுள் தண்டனை. ஓக்லஹோமா ஒன்றும் துப்பாக்கிக்கு எதிரான மாநிலம் இல்லை.

கேட்டி குமரன்

நம்ம ஆள் வெளியே ஓடினாரா? இல்லை. டிராயரைத் திறந்தாரா? இல்லை. இரண்டாவது துப்பாக்கி எடுத்தாரா? இல்லை. மூன்றுக்கும் இல்லை. ஒரே துப்பாக்கி, ஒரே இடம், ஒரு மூச்சு.

பெருங்குளத்தான், டாலஸ்

மூன்று மூச்சு.

கணக்குப்பிள்ளை

கணக்கு என்றதும் எட்டிப் பார்த்தேன். ஒன்பது சரியா, மூச்சு ஒன்றா மூன்றா என்று இவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிற குமரன் அவர்கள், போன பொங்கல் விழாவின் சாப்பாட்டு டோக்கன் கணக்கை எப்போது எண்ணித் தருவார்கள்? 340 டோக்கன் அச்சடித்தோம். 298-க்குத்தான் பணம் வந்தது.

கேட்டி குமரன்

அதை இங்கே இழுக்காதே ஐயா. மீதி டோக்கன் சிறுவர்களுக்கு இலவசம் என்று கமிட்டியில் முடிவானது. கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

கூட்டக் குறிப்பை எழுதியதும் நீங்கள்தான்.

சோழவந்தான்

இது நல்லாயிருக்கே. கொள்ளை பற்றிய இழையில் கொள்ளை பற்றியே பேசுகிறோம்.

கேட்டி குமரன்

மாடரேட்டர் யாராவது இருக்கிறீர்களா? தனிமனிதத் தாக்குதல் நடக்கிறது.

சோழவந்தான்

சரி சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் நெல்லைப் பக்கம் கடையத்தில் என்ன நடந்தது? வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் கழுத்தில் பின்னாலிருந்து துணியைப் போட்டு இறுக்குகிறான் ஒருவன், அரிவாளோடு இன்னொருவன். உள்ளேயிருந்து வந்த அம்மா கையில் கிடைத்த செருப்பை எடுத்து எறிந்தார். அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவரும் எழுந்து ஆளுக்கொரு நாற்காலியாக வீசினார்கள். வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். சுதந்திர தினத்தில் முதலமைச்சர் விருது கொடுத்தார். ஒன்பதாவது நாற்காலி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எதிரி ஓடியதும் அவர்கள் எறிவதை நிறுத்திவிட்டார்கள்.

கேட்டி குமரன்

அது அவர்கள் வீடு, வந்தவன் கையில் அரிவாள். இங்கே துப்பாக்கி. ஹூஸ்டனில் போய் நாற்காலியைத் தூக்கிப் பார், அடுத்த நாள் உனக்குக் கருமாதி.

பெருங்குளத்தான், டாலஸ்

இங்கே பிளாஸ்டிக் துப்பாக்கி, அங்கே பிளாஸ்டிக் நாற்காலி. நம்மூர்ச் சட்டத்திலும் தற்காப்புக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். முன்பு இ.பி.கோ. 99, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 37. தேவைக்கு மேல் ஒரு அடி கூடாது. அந்த ‘ஒரு அடி’தான் ஒன்பதாவது.

கேட்டி குமரன்

இ.பி.கோ. டெக்சாஸில் செல்லாது. இதைச் சொல்ல வக்கீலுக்குப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கெல்லாம் ஒரு விஷயம் உறுத்துகிறது, அது குண்டே இல்லை. ஒருத்தன் துணிந்து எழுந்தான், நாமெல்லாம் அந்த இடத்தில் மேஜைக்கு அடியில் பதுங்கியிருப்போம் என்ற உறுத்தல். நான் தட்டை நீட்டியவன். அதனால் எனக்கு அந்த ஆளைப் புரிகிறது. நீங்கள் யாரும் நீட்டியதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் பாருங்கள், அதைப் பற்றி ஒருவர் பேசவில்லை.

சுமதி ஆஸ்டின்

பதுங்கியிருந்தவர்களைப் பற்றி நான் பேசுகிறேன். அந்தக் கடையில் மற்ற வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அவர்களிடம் யாராவது "நான் சுடப் போகிறேன், சரியா?" என்று கேட்டார்களா? பணம் போய்விட்டது, ஆளும் வாசல் பக்கம் திரும்பிவிட்டான், உயிரோடு வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று நினைத்த நேரத்தில் தலைக்கு மேல் ஒன்பது தடவை வெடிக்கிறது. அவன் துப்பாக்கி நிஜமாக இருந்து திருப்பிச் சுட்டிருந்தால் நடுவில் இருந்தவர்கள் அவர்கள்தான்.

கேட்டி குமரன்

அவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்ததே!

சுமதி ஆஸ்டின்

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

கேட்டி குமரன்

பதில் இல்லை என்றால் போய்விடுவார்கள். குறித்துக்கொள்ளுங்கள். இதோடு நானும் முடித்துக்கொள்கிறேன், உண்மையிலேயே கடைசிப் பதிவு.

ஸ்கார்பரோ சிவா

விழுந்தவன் எழும்பிச் சுட்ட ஆயிரம் கதையில் ஒன்று தருகிறேன் என்றீர்கள், இன்னும் காணவில்லை.

கேட்டி குமரன்

கடையில் வேலை இருக்கிறது ஐயா. உங்களைப்போல எந்நேரமும் உட்கார்ந்திருக்க முடியாது.

பெருங்குளத்தான், டாலஸ்

எண்ணிப் பார்த்தேன். இந்த இழையில் அதிகம் எழுதியவர் வேலை இருக்கிறவர்தான். அதில் ஒரு பதிவில்கூட ஒன்பதாவது எதற்கு என்று இல்லை.

புதுசு_23

நான் முதலில் கேட்டது…

கேட்டி குமரன்

தம்பி கொஞ்சம் இரு, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். பெருங்குளத்தாரே, பயம், பயம், பயம். மூன்று தடவை சொல்லிவிட்டேன். ஒன்பதாவது குண்டுக்கும் அதே பதில்தான், எட்டாவதுக்கும் அதே பதில்தான். பயத்துக்கு நம்பர் போட முடியாது.

பெருங்குளத்தான், டாலஸ்

பயந்தவர் கிட்டே போவாரா, தள்ளிப் போவாரா?

சோழவந்தான்

ஆறடி உயரமாகத் தெரிந்திருந்தால் தள்ளித்தான் போயிருப்பார்.

கணக்குப்பிள்ளை

42 டோக்கன்.

கேட்டி குமரன்

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன். என் கடைக்கு வந்தவன் குள்ளம் இல்லை. கேமரா மேலே மாட்டியிருக்கிறது, அவன் குனிந்து நின்றான். அதனால்தான் அப்படித் தெரிந்தது.